கொடி ஏறிய கிழமைக்கு ஒரு கட்டம்

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். மன்னாரில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள். பழைய கணினி நிரல்களை எல்லாம் புதிய முறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாளாம்.

"அண்ணா, படிவத்தில எல்லாக் கட்டத்துக்கும் ஒரு வரை-முறைதான் கிடக்கு. இந்தத் திகதிக் கட்டத்துக்கு மட்டும் ஏன் மூண்டு? இப்ப எல்லாத்தையும் பிரவுசரே வரையுது. அழிச்சுப் போடவோ?"

"அழியுங்கோ" என்றேன். பிறகு, "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றவன். வயது முப்பத்தொன்று. இதைச் சொன்னால் கூட்டாளிமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் ஒரு தொழிலுக்குள் ஓடிப் போய் விழுந்து, அதிலே ஊறி, இனி இந்த விசைப்பலகையைத் தொடுவதில்லை என்று எழும்பி வந்தால் அதற்கு வேறு என்ன பெயர்? இப்போது மன்னார்த் தீவுக்குள் வீடு வீடாகச் சூரிய மின்தகடு பொருத்துகிறேன். கூரையில் நின்றால் காற்று வரும்.

தொழில் படித்த கதை சிறியது. பள்ளிமுனையில் பிறந்தேன். உயர்தரத்தில் கணிதம். பல்கலைக்கழகம் ஒரு சில புள்ளிகளால் தவறியது. வவுனியாவில் ஒரு வருடப் பாடநெறி, அங்கே மின்சாரம் இருந்த நேரமெல்லாம் நான் திரைக்கு முன்னால். சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பத் தொடங்கியபோது, மன்னார் நகரில் ஒரு மீள்குடியேற்ற உதவித் திட்டத்துக்குக் கந்தோர் திறந்தார்கள். கணினி தெரிந்த ஆள் தேவை என்றார்கள். அடுத்த நாளே போய் வாசலில் நின்றேன்.

கந்தோர் என்பது வாடகை வீடு. கூடத்தில் ஐந்து கணினிகள், பின் விறாந்தையில் ஒரு ஜெனரேற்றர். மத்தியானமானால் நிழலுக்கு இரண்டு கழுதைகள் விறாந்தையில் ஏறி நிற்கும். வரிசையில் நின்ற சனம் அவற்றைக் கலைப்பதில்லை. "அதுகளும் பதியத்தான் வந்திருக்குதுகள்" என்று ஒருவர் சொன்னது கந்தோரில் பல நாள் ஓடியது.

எங்கள் வேலை இதுதான். திரும்பி வந்த ஒவ்வொரு குடும்பமும் வந்து விபரம் சொல்லும். பதிகிற பிள்ளைகள் கணினிப் படிவத்தில் அடிப்பார்கள். அந்தப் படிவத்தை உருவாக்குவதும் திருத்துவதும் நான். நாங்கள் பாவித்த பிரேம்வேர்க்கில், ஆயத்தமாகக் கிடைக்கிற நிரல்-சட்டகத்தில், படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டமும் தனித்தனிப் பொருள். பெயர்க் கட்டம், முகவரிக் கட்டம், திகதிக் கட்டம். தன்னைத் திரையில் எப்படி வரைவது, தாளில் எப்படி அச்சிடுவது என்று அந்தந்தக் கட்டத்துக்கே தெரியும். அது வரைவது பிடிக்கவில்லையா? அதற்குப் பிள்ளையாக இன்னொரு வகுப்பை, அதாவது ஒரு நிரல்துண்டை, எழுதி வரைகிற முறையை மட்டும் மாற்றினால் போதும். மிச்சமெல்லாம் தாயிடமிருந்து வந்துவிடும். இது எனக்கு எவ்வளவு பெரிய சந்தோசம் என்று வெளியாருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. உலகத்தையே இப்படித் திருத்தலாம் என்று நினைத்த வயது அது.

முதல் வெற்றி பெயர்க் கட்டம். கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து வந்த படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வரைந்தது. ஒரு கிழவர் பதிகிற பிள்ளையிடம் கேட்டார்.

"குடும்பப் பெயரோ? குடும்பத்தில ஆறு பேர் இருக்கிறம், பிள்ளை. ஆரின்ர பெயரைச் சொல்ல?"

அன்று பின்னேரமே பிள்ளை வகுப்பு ஒன்று எழுதினேன். தகப்பன் பெயர், சொந்தப் பெயர் என்று வரைந்தது. உள்ளே அதே இரண்டு பெட்டிதான். கொழும்புக்கும் பிரச்சினை இல்லை, கிழவருக்கும் இல்லை. நான் கூடத்துக்குள் நடந்த நடையைப் பார்த்து யோகேஸ்வரி மிஸ், "தம்பி, நிலத்தில கால் படட்டும்" என்றார்.

யோகேஸ்வரி மிஸ் எங்கள் பொறுப்பாளர். கச்சேரியில், மாவட்ட அரசாங்கக் கந்தோரில், நெடுங்காலம் இருந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. என்ன அழகாகத் திரையில் காட்டினாலும் பார்க்கமாட்டார். கதிரையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தாளில என்ன வருது?" என்பார். தாள் வந்ததும் கோடு போடுகிற ஒரு அடிமட்டத்தை வரியின் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கி, வாய்க்குள் வாசிப்பார். அடிமட்டம் நின்றால் அங்கே பிழை.

பதிவுக்கு அவர் வைத்த ஒழுங்கும் அப்படித்தான். சொன்னதை அடிக்கவேண்டும். திரையைச் சனத்தின் பக்கம் திருப்பிக் காட்டவேண்டும். அச்சிட்டுச் சத்தமாக வாசிக்கவேண்டும். ஓம் என்றால்தான் கையெழுத்து, எழுதத் தெரியாதவருக்குக் கைநாட்டு. இன்னொன்று: எந்தப் பதிலையும் கட்டத்துக்கு ஏற்றபடி மாற்றி அடித்தால், அவர்கள் வாயால் சொன்னதை அப்படியே கீழே குறிப்பு வரியில் அடிக்கவேண்டும். "அது வீண் வேலை மிஸ், அந்த வரியை ஒருத்தரும் வாசிக்கிறேல்ல" என்றேன் ஒருநாள். "நான் வாசிக்கிறன்" என்றார்.

திகதிக் கட்டத்துக்கு வருகிறேன்.

தாய் வகுப்பு ஒரு நாட்காட்டியை வரையும். நாளைத் தொட்டால் உள்ளே போகும். அழகான சாமான். ஆனால் எங்கள் சனம் நாட்காட்டியால் நாளை ஞாபகம் வைத்திருக்கவில்லை. "எப்ப ஊரை விட்டு வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டால் கரையோரத்துச் சனம், "அந்தோனியார் பெருநாள் முடிஞ்சு" என்னும். தீவுக்கு வெளியே பெருநிலத்தில் வயல் செய்கிற கமக்காரர், "காலபோகம் விதைச்சுக் களை பிடுங்கின நேரம்" என்பார். பதிகிற பிள்ளைகள் விரலில் எண்ணி ஏதோ ஒரு நாளைத் தொடுவார்கள்.

நான் புதிய வரை-முறை எழுதினேன். நாட்காட்டிக்குப் பதிலாக இரண்டு நிரை: ஒன்றில் பெருநாட்கள், மற்றதில் போகமும் வேலையும். அதைத் தொட்டு வருடத்தைத் தொட்டால், ஓர் அட்டவணை அதைத் திகதியாக மாற்றும். அந்த அட்டவணையைச் சாமியார்மாரும் கமக்காரர் சங்கத்து ஆட்களும் கூடியிருந்து ஒத்துக்கொண்டார்கள். கொழும்பும் ஒத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: அச்சில் சாதாரணத் திகதி வரவேண்டும், அச்சிடும் முறையில் கை வைக்கக்கூடாது. சனத்துக்கு நல்ல விருப்பம். யூலை 25இல் பெருநாள் வருகிற புனித யாகப்பரின் பெயரைத் திரையில் கண்டு ஒரு தாய் சிலுவை போட்டார்.

மிஸ் மட்டும், "தாளில என்ன வரும்?" என்று கேட்டார்.

"திகதி வரும், மிஸ்."

"ம்" என்றார். அடிமட்டம் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

மெற்றில்டா அக்காவை அப்படித்தான் பதிந்தோம். பெருநிலக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்தவர். புருசன் சூசை. சண்டை நெருங்கியபோது இருவரும் கரையை விட்டு உள்ளே போய், கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வேலுப்பிள்ளை என்ற கமக்காரரின் வளவில் ஒதுங்கியிருந்தார்கள். அங்கே ஷெல் விழுந்து சூசை செத்தார். வயல் மூலையில் வேலுப்பிள்ளைதான் புதைத்தார். கிராமத்தில் அக்காவுக்கு வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு ஒதுக்கியிருந்தது. காணி சூசையின் பெயரில். மரணச் சான்றிதழ் இல்லாமல் அக்கா ஒப்பமிட முடியாது, ஒப்பமில்லாமல் அத்திவாரம் வெட்டமாட்டார்கள். அதுவரை தீவில் கீரி என்ற ஊரில் உறவுக்காரரின் வளவில் ஒரு தகரக் கொட்டில். இறப்பை உறுதிப்படுத்த விண்ணப்பமும் சாட்சியமும் எங்கள் கந்தோரால் பதிவாளருக்குப் போயின. சாட்சி வேலுப்பிள்ளை.

திரும்பி வந்தது ஒரே ஒரு வரி. விண்ணப்பதாரரும் சாட்சியும் இறந்த திகதி பற்றி முரண்படுகின்றனர். நிராகரிக்கப்பட்டது.

இரண்டு தாளையும் எடுத்துப் பார்த்தேன். அக்காவின் தாளில் யூலை 25. வேலுப்பிள்ளையின் தாளில் ஓகஸ்ட் 31. ஒரு மாதத்துக்கு மேல் வித்தியாசம். ஒரே மனிதன், ஒரே ஷெல்.

மெற்றில்டா அக்கா கந்தோருக்கு வந்து கதிரையில் இருக்கவில்லை.

"நான் பொய் சொன்னனெண்டோ தம்பி எழுதியிருக்கு?"

"இல்லை அக்கா. நாள் பொருந்தேல்லயாம்."

"என்ர மனுசன் செத்த நாளை நான் பொருத்திக் காட்டவேணுமோ?" அவர் அறிவித்தல் ஒட்டியிருந்த சுவரைக் காட்டினார். "ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் அத்திவாரம் வெட்டியாச்சு. என்ர காணியில அளந்தடிச்ச நாலு முளை நிக்குது. இந்த மாசத்தோட மேசன்மார் வேற ஊருக்குப் போகினமாம். உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும். மாத முடிவில் வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல் மூடப்படும் என்று அறிவித்தல் ஒட்டியதே நான்தான்.

மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பெருநிலத்துக்குப் போனேன். வேலுப்பிள்ளை அண்ணை வாய்க்கால் வரம்பில் நின்றார். சொன்னதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பேசினார்.

"நான் புதைச்சனான். எனக்குத் தெரியாதோ? சிறுபோக நெல்லு வெட்டின அண்டைக்குத்தான். சூசையும் என்னோட இறங்கி வெட்டினவன். கடற்காரன் கத்தி பிடிச்ச பிடியைப் பாத்து நான் சிரிச்சனான். வெட்டின வரி அலை அலையாப் போச்சுது. 'அண்ணை, இதுக்கு வலை போட்டிருக்கலாம்' எண்டான். பிறகு ஒரு அரை மணித்தியாலம்கூட இல்லை."

"ஓகஸ்ட் கடைசிதானே அண்ணை வெட்டு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆர் உமக்குச் சொன்னது? அந்த வருசம் ஆர் ஆவணி வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தது? ஷெல்லடி கிட்ட வந்திட்டுது. பச்சையாத்தான் வெட்டினது. பாதிக் கதிர் பால்தான். மாட்டுக்காவது ஆகுமெண்டு."

திரும்பி வந்து கீரிக்குப் போனேன். யாகப்பர் பெருநாள் அன்றைக்கா என்று மெற்றில்டா அக்காவிடம் கேட்டேன்.

"பெருநாளுக்கோ? கொடி ஏறின கிழமை, அந்த ஏழு நாளுக்குள்ள எண்டெல்லோ சொன்னனான். அதுவும் அந்த வருசம் கொடி முந்தி ஏறினது. யாகப்பர் சுருவத்தை வண்டியில ஏத்திக்கொண்டு வெளிக்கிடவேணுமெண்டு சாமியார் நாளை முன்னுக்கு எடுத்திட்டார். நான் வேலுப்பிள்ளை அண்ணையின்ர வளவுக்குக் கிட்ட இருந்த கோயில்ல நிண்டனான். கொடி ஏறி ரெண்டோ மூண்டோ நாள். ஷெல் விழுந்திட்டுதெண்டு ஆள் வந்து சொல்லிச்சுது." பிறகு, "இருபத்தஞ்சாந்திகதி நாங்கள் ஓடிக்கொண்டிருந்தனாங்கள், தம்பி. அவர் அப்ப மண்ணுக்குள்ள" என்றார்.

அந்த வருடம் பெருநாளும் முந்தியிருந்தது, நெல்லும் முந்தி வெட்டுப்பட்டிருந்தது. இருவரும் சொன்னது ஒரே நாளை. எங்கள் அட்டவணைக்கு அந்த வருடம் தெரியாது. மற்ற வருடங்களைப் போல அதையும் மாற்றிவிட்டது. அச்சிடும் முறையோ, உள்ளே கிடந்ததைச் சந்தேகமில்லாத எழுத்தில், சந்தேகமில்லாத நாளாக வரைந்துவிட்டது.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அச்சிடும் முறையிலும் கை வைக்கவேண்டும் என்றேன். கொழும்பு வேண்டாம் என்றது அவருக்கும் தெரியும்.

"எப்பிடி வைப்பீர்?"

"திகதி நிச்சயமாத் தெரிஞ்சா அப்பிடியே அச்சடிக்கும். பெருநாள், போகம் எண்டு தொட்டு வந்ததெண்டா, திகதியை அச்சடிக்காம, குறிப்பு வரியில இருக்கிற வாய்ச்சொல்லை எடுத்து அந்தக் கட்டத்துக்குள்ள அச்சடிக்கும்."

அவர் முதல் தடவையாகத் திரைப்பக்கம் கதிரையைத் திருப்பினார். "நீர் செய்யும். ஆரும் கேட்டா நான் சொல்லித்தான் செய்ததெண்டு சொல்லும்."

திகதிக் கட்டத்தின் மூன்றாவது வரை-முறை அப்படி வந்தது. எழுதுவது கடினமில்லை. தாய் வகுப்பின் அச்சு-முறையை மறைத்து, ஒரு நிபந்தனை, இரண்டு வரி. கடினமானது, மெற்றில்டா அக்காவின் புதிய தாள் அச்சுப்பொறியிலிருந்து இறங்கியபோது அதை வாசித்ததுதான். இறந்த திகதி என்ற கட்டத்துக்குள் இப்படி இருந்தது: யாகப்பர் கொடி ஏறிய கிழமை, கொடி முந்தி ஏறிய வருடம். வேலுப்பிள்ளையின் தாளில்: சிறுபோகம் பச்சையாக வெட்டிய நாள். நான் போய்க் கேட்டுவந்த விபரத்தைக் குறிப்பு வரியில் சேர்த்து, இருவருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். மிஸ் அடிமட்டத்தை வைத்து வாசித்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. விளக்கக் கடிதம் ஒன்றைத் தன் கையால் எழுதி, சேர்த்து அனுப்பினார்.

இம்முறை பதில் சீக்கிரம் வந்தது. திகதிக் கட்டத்தில் திகதி இல்லை. ஒரே திகதியை இரு தரப்பும் சத்தியக் கடதாசியில் உறுதிப்படுத்தி அனுப்பவும்.

மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. மிஸ் இருவரையும் வரச்சொன்னார். சமாதான நீதவான் ஒருவரையும் கூப்பிட்டு வைத்திருந்தார்.

"ஒரு நாளைச் சொல்லுங்கோ" என்றார் மிஸ். "எனக்கு வேற வழி தெரியேல்ல."

"உண்மையான நாள் எங்களுக்கே தெரியாதே, மிஸ்" என்றார் வேலுப்பிள்ளை.

"தெரியும். ஆனா அதுக்கு ஒரு திகதி இல்லை. அவையளுக்குத் திகதி வேணும்."

கொடி எப்போது ஏறியது என்று கேட்க, அந்தச் சாமியார் அப்போது உயிருடன் இல்லை. கோயில் புத்தகங்கள் போன இடம் ஒருவருக்கும் தெரியாது. நான் ஏதோ கணக்குப் பார்த்து, யூலை முதற் பாதியில் ஒரு நாளைச் சொல்லலாம் என்றேன். நீதவான் தலையசைத்தார். "ரெண்டு தாளிலயும் இல்லாத மூண்டாவது நாள் வந்தா முழுக்கப் பொய்யெண்டு தூக்கி எறிவினம், தம்பி. முதல் போன ரெண்டில ஒண்டைப் பிடியுங்கோ."

"அப்ப தங்கச்சி சொன்ன யூலையைப் போடுங்கோ" என்றார் வேலுப்பிள்ளை. "நான் என்ர சொல்லை மாத்திறன்."

மெற்றில்டா அக்கா உடனே மறுத்தார். "வேண்டாம் அண்ணை. அது யாகப்பருக்குப் பெருநாள். தேரும் பாட்டுமா இருக்கிற நாளில இவருக்கு ஆர் பூசை வைப்பினம்? பெருநாளண்டைக்குச் செத்த வீட்டுப் பூசை வைக்கிறேல்ல." விறாந்தையில் கழுதை ஒன்று மூச்சுவிட்டது கேட்டது. "உங்கட நாளைப் போடுங்கோ. ஓகஸ்ட் முப்பத்தொண்டு."

வேலுப்பிள்ளை எழும்பிவிட்டார். "என்ன கதை இது? அது என்ர நாளில்லை, இந்தக் கொம்பியூட்டர் போட்ட நாள். ஓகஸ்ட் முப்பத்தொண்டு நான் எந்தக் காட்டுக்குள்ள நிண்டனோ! அண்டைக்குச் செத்தவனெண்டு சத்தியம் பண்ணவோ? என்ர கையால மண் போட்டனான்."

"எனக்காகப் பண்ணுங்கோ."

"தங்கச்சி, நான் பிள்ளையாரைக் கும்பிடுறவன்."

"தெரியும்."

"பொய்ச் சத்தியம்."

"தெரியும் அண்ணை. நாலு முளை நிக்குது."

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் நிலத்தைப் பார்த்தார். பிறகு வேலுப்பிள்ளை மேசைக்கு வந்து, பேனையை வாங்கி, நின்றபடியே கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். தேத்தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. வெளியே போகும்போது என் தோளில் தட்டி, "உம்மில கோபமில்லை" என்றார். அது எனக்குச் சுகமாக இல்லை.

சான்றிதழ் வந்தது. பட்டியல் மூடுமுன் அக்காவின் பெயர் ஏறியது. வீடும் எழும்பியது. கூரை போட்ட அன்று நான் போயிருந்தேன். நல்ல வீடு.

என்னுடைய மூன்றாவது முறை அந்தக் கந்தோரில் தொடர்ந்து இருந்தது. அதில் வாய்ச்சொல்லைக் கண்டு, அனுப்புமுன்பே திகதிகளை ஒத்துப்பார்த்ததால் வேறு சில குடும்பங்களின் தாள்கள் திரும்பி வராமல் தப்பின என்று மிஸ் சொன்னார். திட்டம் முடிந்து, நிரல்களைக் கச்சேரிக்குக் கொடுத்துவிட்டு, கணினிகளைப் பெட்டியில் அடைத்தோம். மிஸ் கச்சேரிக்குத் திரும்பினார். எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது, நல்ல சம்பளம். படிவம் படிவமாக எழுதினேன். கட்டாயம் நிரப்பவேண்டிய கட்டம் என்று ஒரு சிவப்புப் புள்ளி வரைவோம். அதை வரையும்போதெல்லாம் கை நிற்கும். கொஞ்சக் காலம் இழுத்தடித்தேன். பிறகு ஒருநாள் எழும்பி வந்துவிட்டேன்.

போன வருடம் மெற்றில்டா அக்காவின் கிராமத்துக் கோயிலில் மின்தகடு பொருத்தப் போனேன். ஓகஸ்ட் முப்பத்தொன்று. காலைப் பூசையில் மரித்தவர்களின் பெயர் வாசித்தார்கள். சூசையின் பெயர் வந்தது. முன் வாங்கில் மெற்றில்டா அக்கா கறுப்புச் சீலையில் முழந்தாளில் நின்றார். பூசை முடிந்து வாசலில் பார்த்தோம்.

"வேலுப்பிள்ளை அண்ணை வரேல்லயோ?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு வரமாட்டார். அவர் யூலையில ஒருநாள் வயல் மூலையில விளக்கு வைக்கிறவர். எந்த நாளெண்டு எனக்குச் சொல்லுறேல்ல."

"நீங்கள் ஏன் அக்கா இந்த நாளில வைக்கிறியள்? உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் முக்காட்டைச் சரிசெய்தார். "சாமியார் சேட்டிபிக்கற்றைப் பாத்துத்தான் நாள் எழுதினவர். நானும் விட்டிட்டன். முந்தியெண்டா, எந்த நாளெண்டு தெரியாததால கொடி ஏறுற கிழமை முழுக்க அழுவன், தம்பி. சமைக்கமாட்டன், வலைக்குப் போகமாட்டன். இப்ப ஒரு நாள்தான்."

சொல்லிவிட்டுக் கருவாடு காயப்போட நேரமாகிறதென்று நடந்தார்.